பெருமாள் ஷிஃப்டில் மட்டும் பூஜ்யம்

எங்கள் மலையூரான ரிங்லெட்டில் என்னைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்தவள். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டுக்குப் பிரிண்டர் வருகிறது. போன மாதம் ஒரு மைக்ரோவேவ் வந்தது. "ஸ்டெல்லாக்கா, சுத்துது, ஆனா சூடாக மாட்டேங்குது லா" என்று வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் பார்த்த வேலை இது இல்லை என்று விளக்குவதைவிட, அதைப் பக்கத்து ஊரான தானா ராத்தாவில் ஒரு கடையில் கொடுத்துச் சரிசெய்து வாங்கி வருவது சுலபமாக இருந்தது.

நான் பார்த்த வேலைதான் என்ன என்று ஒரு தரமாவது எழுதி வைக்கலாம் என்று தோன்றியதற்குக் காரணம் கவிதா. என் பழைய அலுவலகத்தில் இன்னும் இருப்பவள். அன்றைக்குக் கூப்பிட்டு, "அக்கா, புதுசா ஒரு செக்கர் புரோகிராம் போட்டிருக்காங்க. நம்ம லைப்ரரி முழுசையும் அதுல ஓட விட்டா, டீ ஆத்துறதுக்குள்ள மைனஸ் தப்பெல்லாம் புடிச்சுக் குடுத்துடுது. நீங்கல்லாம் எப்படிக்கா தேடுனீங்க?" என்றாள்.

"பேப்பரும் அடிக்கோலும் வச்சு" என்றேன்.

சிரித்தாள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

படித்த கதையை நீட்டப் போவதில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தேன், ஈப்போவில் படித்தேன், கணக்கு வந்தது, மற்றது வரவில்லை. தொழிற்சாலைகளுக்குச் சின்னச் சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் செய்யும் ஒரு கம்பெனி தானா ராத்தாவில் மாடியில் அலுவலகம் திறந்தது. கீழே ஸ்ட்ராபெரி பொம்மை விற்கும் கடை. மலைமேல் ஏன் அலுவலகம் என்று கேட்டதற்கு முதலாளி, "இங்க ஏர்கான் வேண்டாம் பாரு" என்றாராம். அந்த ஒரு சிக்கனத்தால் எனக்கு ஊரிலேயே வேலை கிடைத்தது. முதல் மூன்று வருஷம் மற்றவர்கள் எழுதிய நிரலைப் படித்துக்கொண்டே இருந்தேன். எழுத விடவில்லை.

எங்கள் பிரிவின் வேலையை எங்கள் அப்பாவுக்கு நான் விளக்கிய விதத்திலேயே இங்கும் விளக்குகிறேன். தோட்டத்தில் தொழிலாளி நேராகத் துரையிடம் போய் நிற்க முடியாது. அலுவலக எழுத்தரான கிராணியிடம் சொல்வார். கிராணி அதைச் சரியான பாரத்தில் எழுதித் துரையிடம் கொண்டுபோவார். துரையின் பதிலும் கிராணி வழியாகத்தான் வரும். கம்ப்யூட்டரிலும் அப்படியே. நிரல் தொழிலாளி. கருவியை ஆளும் உள்மென்பொருள் துரை. 'கோப்பில் இத்தனை எழுத்து தள்ளிப் போக வேண்டும்', 'இதை எழுத வேண்டும்' என்று நிரல் கேட்பதை எடுத்துப்போக நடுவில் சின்னச் சின்னக் கிராணிகள் உண்டு. அந்தக் கிராணிகள் எல்லாம் சேர்ந்து இருக்கும் இடம்தான் சி மொழியின் லைப்ரரி. கிராணி பாரத்தைத் தப்பாக எழுதினால் துரை மேலும் குற்றமில்லை, தொழிலாளி மேலும் குற்றமில்லை. ஆனால் அடி வாங்குவது யார் என்று தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் பெட்டிகள் ஓர் எண்ணை முப்பத்திரண்டு இடத்தில் எழுதுவதிலிருந்து அறுபத்து நான்கு இடத்தில் எழுதுவதற்கு மாறிய காலத்தில் கிராணிகள் எல்லோரும் ஒரே தப்பைச் செய்தார்கள். ஒரு லோரியின் கிலோமீட்டர் காட்டும் மீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு இடம். பூஜ்யத்தில் இருக்கும்போது வண்டியை ஒரு கிலோமீட்டர் பின்னால் எடுத்தால் 9999 காட்டும். அதாவது அந்த மீட்டரில் 9999 என்றால் 'ஒன்று பின்னால்'. இப்போது லோரிக்கு ஆறு இட மீட்டர் மாட்டுகிறீர்கள். பழைய எண்ணை அப்படியே எழுதி, மிச்சம் இரண்டு இடத்தில் பூஜ்யம் போட்டால் 009999 ஆகிவிடும். ஒரு கிலோமீட்டர் பின்னால் போன லோரி கிட்டத்தட்டப் பத்தாயிரம் கிலோமீட்டர் முன்னால் போய்விட்டது. 999999 என்று எழுதியிருக்க வேண்டும். ஆனால் எல்லா எண்ணையும் அப்படி நீட்டினாலும் வம்பு. நிஜமாகவே 9999 கிலோமீட்டர் ஓடிய லோரி, நின்ற இடத்திலிருந்து பின்னால் போனதாகிவிடும். எந்த எண் பின்னால் போகக்கூடியது, எந்த எண் போகாதது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் நீட்ட வேண்டும். இதைப் பார்ப்பதற்கு எங்கள் நான்கு பேருக்குச் சம்பளம்.

பிரிவுத் தலைவர் இம்மானுவேல் சார். தேயிலைத் தேசத்தில் வெந்நீர் மட்டுமே குடித்த ஒரே மனிதர். பிழை என்று யாராவது வந்து நின்றால் உடனே திரையைப் பார்க்க மாட்டார். ஒரு தாளைத் தள்ளுவார். அதில் மூன்று வாக்கியம் எழுத வேண்டும்: என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, அது உனக்கு எப்படித் தெரியும். மூன்றாவது வாக்கியத்திலேயே பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். பிறகு நிரலை அச்செடுத்து, மர அடிக்கோல் ஒன்றை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படிப்பார். ஜெபப் புத்தகம் படிக்கிற அதே குரல். அவசரப்படுத்தினால் மேலே இருந்து மறுபடி ஆரம்பிப்பார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த வரியை எந்தத் தேதியில் யார் மாற்றினார்கள் என்ற பட்டியலைப் பார்க்க வேண்டி வந்தால், பெயர் இருக்கும் பத்தியின் மேல் அடிக்கோலை நிமிர்த்தி வைத்து மறைத்துவிடுவார். "எந்த லைனுன்னு கேளுங்க. யாருன்னு கேக்காதீங்க. பேரு தெரிஞ்சா லைனைப் பாக்க மாட்டீங்க, ஆளைப் பாப்பீங்க" என்பார். எங்கள் அறிக்கை எதிலும் பெயர் கிடையாது. இருபத்தெட்டு வருஷத்தில் அலுவலகத்தில் யாரும் என்னைத் திட்டியதில்லை. நான் தப்பே செய்யாதவள் என்று நானே கொஞ்சம் நம்பத் தொடங்கிவிட்டேன்.

அந்த நம்பிக்கை எனக்கு ஒரு ஃபிளாஸ்க் வாங்கித் தந்தது. திரிங்காப்பில் காய்கறி சேமிக்கும் குளிர்கிடங்கு ஒன்றில் எங்கள் பெட்டி, கோப்பு பெரிதாகப் பெரிதாக, அதன் அளவு 'மைனஸ்' என்று காட்டியது. கிராணி ஒருவர் பின்னால் போகாத எண்ணைப் பின்னால் போனதாக நீட்டியிருந்தார். இரண்டு நாளில் கண்டுபிடித்தேன். அந்த எண்ணுக்கு முன்னால் 'இதற்கு மைனஸ் கிடையாது' என்று பொருள்படும் ஒரே ஒரு வார்த்தையைச் சேர்த்தேன். சரியாகிவிட்டது. வருஷக் கடைசி விருந்தில் மேடைக்குக் கூப்பிட்டு ஃபிளாஸ்க் கொடுத்தார்கள்.

ஃபிளாஸ்க் கிடைத்தவள் சும்மா இருப்பாளா? அதே நோய் மற்ற கிராணிகளுக்கும் வரும் அல்லவா என்று, பதினோரு பேருக்கும் அதே வார்த்தையை மருந்தாக ஊட்டிவிட்டேன். ஒரு காலைப்பொழுதில் முடிந்தது. சோதனைகள் எல்லாம் தேறின. இம்மானுவேல் சார் அடிக்கோல் வைத்துப் படித்து, சரி என்று குறித்தார். அன்று நாங்கள் இருவரும் மத்தியானம் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடப் போனது ஞாபகம் இருக்கிறது.

இரண்டு வருஷம் கழித்து, ரிங்லெட்டுக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து புகார் வந்தது. புகார் எங்கள் பெட்டியைப் பற்றி அல்ல. ஃபேக்டரியில் ஆட்களை மேற்பார்க்கும் பெருமாள் என்ற மண்டோரைப் பற்றி.

பறித்த கொழுந்தை நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு வாட்டுவார்கள். காற்றின் சூட்டை எங்கள் பெட்டி சில நிமிடத்துக்கு ஒரு தரம் பதிவு செய்யும். தேயிலை வாங்கும் வெளிநாட்டுக்காரர் அந்தப் பதிவைக் கேட்டார். எடுத்துப் பார்த்தால், பெருமாள் மேற்பார்வை பார்த்த ஷிஃப்டுகளில் மட்டும் பாதிக்கு மேல் பூஜ்யம். மற்ற இரண்டு மண்டோர்களின் பதிவு சுத்தமாக, அழகாக இருந்தது. பெருமாள் பெட்டியை அணைத்துவிட்டுத் தூங்குகிறார் என்று முடிவு செய்துவிட்டார்கள். வேலையிலிருந்து நிறுத்தி வைத்து, உள்விசாரணைக்குத் தேதி போட்டு, காலையில் பெரட்டு எடுத்து ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் இடத்தில் இருந்த பலகையில் அவர் பெயரோடு கடிதத்தை ஒட்டிவிட்டார்கள். வேலை போனால் தோட்டத்து வீடும் போகும். அவருக்கு ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம் இருந்தது.

எங்களிடம் கேட்டது ஒரு சான்று மட்டும்: 'பெட்டி நன்றாக இருக்கிறது' என்று. அதை எழுதித் தர நான் ஃபேக்டரிக்குப் போனேன்.

பெட்டி நன்றாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போடப் பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். அப்போதுதான் பெருமாள் ஷிஃப்டின் கோப்பு ஒன்றின் அளவு கண்ணில் பட்டது. பெட்டியின் மொத்தச் சேமிப்பு இடத்தைப் போல அது இரண்டு மடங்கு. ஒரு படிப் பானைக்குள் இரண்டு படி அரிசி. தூங்குகிற மண்டோரால் அதைச் செய்ய முடியாது.

பெருமாளைக் கூப்பிடச் சொன்னேன். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வந்து நின்றார். ஒல்லியான மனிதர்.

"அண்ணே, வேலைக்கு வந்தா மொதல்ல என்ன செய்வீங்க? ஒண்ணு விடாம செஞ்சு காட்டுங்க."

அவர் சுவரில் மாட்டியிருந்த கைத் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு நேராக மூன்றாம் தொட்டிக்குப் போனார். "இந்தத் தொட்டி சென்சாரு கதவுகிட்ட மாட்டியிருக்காங்க மேடம். கதவத் தொறந்தா மேகம் உள்ளாற வந்துடும். சென்சாரு பதினெட்டுன்னு சொல்லும், உள்ள இருபத்தி மூணு இருக்கும். அதான் நா அளந்து பாத்து, கடைசியாப் பதிஞ்சத மாத்திப் போடுவேன்."

"மத்தவங்க?"

"மாத்துனா வேலக்காரன் நம்பரு கேக்கும் மேடம். யாரு போடுவா? மெஷினு சொன்னா சொன்னதுதான் லா."

சொல்லிக்கொண்டே திருத்தும் பொத்தானை அழுத்தி, தன் எண்ணைத் தட்டி, 23 என்று போட்டார். நான் பதிவைத் திறந்தேன். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

"பாருங்க, கோசோங். எல்லாம் வெறும் பூஜ்யம்" என்றார் பெருமாள். குரல் இறங்கிவிட்டது. "நா ஒண்ணுமே பண்ணல மேடம்."

பண்ணினார். அந்தத் தொழிற்சாலையிலேயே பண்ண வேண்டியதைப் பண்ணியவர் அவர் ஒருவர்தான். கடைசியாகப் பதிந்ததைத் திருத்த வேண்டுமென்றால் நிரல் கோப்பின் முடிவிலிருந்து அறுபத்து நான்கு எழுத்து பின்னால் போக வேண்டும். லைப்ரரிக் கிராணி அந்த மைனஸ் எண்ணைப் புது மீட்டரில் பூஜ்யம் போட்டு நிரப்பி, நானூறு கோடி எழுத்துக்கும் மேல் முன்னால் அனுப்பிவிட்டார். துரை மறுப்பே சொல்லாமல் அங்கே போய் எழுதினார். நடுவில் இருந்த வெட்டவெளியை, அறிக்கை எடுக்கும் நிரல் ஷிஃப்ட் முடியும்வரை பூஜ்யம் என்று அச்சடித்தது. பின்னால் போகாதவர்களுக்கு எந்தக் கெடுதலும் இல்லை. இரண்டு வருஷமாக இதை யாரும் கண்டுபிடிக்காததற்கும் அதுவே காரணம்: திருத்துகிறவர்கள் அவ்வளவு குறைவு.

எந்த வார்த்தை அந்தக் கிராணியைக் கெடுத்தது என்று அலுவலகம் திரும்பும் பஸ்ஸிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஃபிளாஸ்க் மடியில்தான் இருந்தது.

இம்மானுவேல் சார் மூன்று வாக்கியம் எழுதச் சொன்னார். எழுதினேன். பட்டியலை அச்செடுத்து, பெயர்ப் பத்தியின் மேல் அடிக்கோலை வைத்தார். அதற்கு அடியில் பதினோரு வரியிலும் என் பெயர் இருப்பது இருவருக்கும் தெரியும். "பிள்ளையார் பிடிக்கப் போய்..." என்று தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "லைனைப் பாருங்க" என்றார். வார்த்தையை எடுத்தேன். மற்ற பத்துப் பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்து, தேவையான இடத்தில் விட்டு, தேவையில்லாத நான்கு இடத்தில் எடுத்தேன். அறிக்கை நாற்பது பக்கம் வந்தது. "வழக்கம்போலப் பேர் வேணாம்" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, ரொம்பவே நிம்மதியாக இருந்தது.

விசாரணை தோட்ட அலுவலகத்தில். நடுவில் துரை. கிள்ளானில் பிறந்த தமிழர்தான், ஆனாலும் துரை துரைதான். பக்கத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒரு பெண் அதிகாரி. ஓரத்தில் குறிப்பெடுக்கும் கிராணி. எதிரே பெருமாள், அதே கழுத்துப் பொத்தானோடு. கடிதம் ஒட்டிய நாளிலிருந்து அவர் மனைவி சரோஜா வீட்டு வாசலைத் தாண்டவில்லை என்று கிராணி என்னிடம் முன்பே சொல்லியிருந்தார்.

நாற்பது பக்கத்தையும் யாரும் படிக்கவில்லை. அதிகாரி ஒரே ஒரு வாக்கியத்தின் கீழே மஞ்சள் கோடு போட்டு வைத்திருந்தார். படித்தார்: "'இந்தப் பிழை, பணியாளர் தாமாகத் திருத்தம் செய்யும்போது மட்டுமே நிகழ்கிறது.' சோ, ஆளு கை வச்சாத்தான் வருது. கை வைக்கலேன்னா வரல. கரெக்டா?"

"கரெக்ட்தான், ஆனா..."

"மத்த ரெண்டு மண்டோரும் கை வைக்கல. அவங்க ரெக்கார்டு கிளீன்."

துரை தலையாட்டினார். கிராணி எழுதினார். பெருமாள் என்னைப் பார்த்தார். அந்த வாக்கியத்தை நான்தான் எழுதினேன். ஒரு எழுத்தும் தப்பில்லாத வாக்கியம். அதை வைத்தே ஒரு மனிதரை வீட்டோடு வெளியே அனுப்பப் போகிறார்கள்.

"அது மண்டோர் தப்பு இல்ல. லைப்ரரித் தப்பு" என்றேன்.

"லைப்ரரியா? எந்த ஊர் லைப்ரரி?" என்றார் துரை. நிஜமாகவே கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. துரை மேல் இல்லை. "ஊர் லைப்ரரி இல்ல சார். பெட்டிக்குள்ள இருக்கிற ஒரு லைனு. அந்த லைன இவர் எழுதல. நான் எழுதுனேன். ரெண்டு வருஷத்துக்கு முந்தி, அவசரப்பட்டு எழுதுனேன். அதுக்குப் பரிசுகூட வாங்குனேன். அந்தப் பூஜ்யம் அத்தனையும் நான் போட்டது. இவர் போட்டது இருபத்தி மூணு."

பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, பழைய லைப்ரரியில் ஒரு தரம், புதியதில் ஒரு தரம் அதிகாரியையே பொத்தானை அழுத்தச் சொன்னேன். முதல் தரம் அவர் போட்ட எண் வராமல் பூஜ்யமாகக் கொட்டியது. அவர் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். இரண்டாம் தரம் எண் ஒழுங்காக நின்றது. அரை மணி நேரத்தில் பெருமாள் வேலைக்குத் திரும்பலாம் என்று எழுதிவிட்டார்கள். கிராணிதான் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார். "குத்தம் செஞ்சவரு பேரும் நம்பரும் போட ஒரு கட்டம் இருக்கு. உங்களுக்குத் தோட்டத்து நம்பரு இல்லியே?" என்று என்னைக் கேட்டார். நம்பர் இல்லாததால் அந்தக் கட்டம் காலியாகவே விடப்பட்டது.

வெளியே வந்து, பலகையில் இருக்கும் கடிதத்தை எடுத்துவிட்டு இந்தத் தீர்ப்பை ஒட்டச் சொன்னேன். "இது ஃபைலுக்குப் போற கடுதாசி. நடவடிக்கை எடுத்தாத்தான் போர்டு. ஒண்ணும் நடக்கலேன்னா என்னத்த ஒட்டுறது?" என்றார் கிராணி. பழைய கடிதத்தை மட்டும் கிழித்தார். நான்கு மூலையிலும் பசை ஒட்டிய காகிதத் துணுக்கு அப்படியே நின்றது.

அவரிடமே ஒரு வெள்ளைத்தாள் வாங்கி எழுதினேன்: 'பெருமாள் ஷிஃப்டில் வந்த பூஜ்யங்களுக்குக் காரணம் பெருமாள் அல்ல. கருவியின் நிரலை எழுதிய நான்.' கீழே என் முழுப்பெயர். துரை ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஒட்டினேன்.

பெருமாள் பக்கத்தில் வந்து நின்று படித்தார். முகம் சரியாக இல்லை.

"என்னண்ணே?"

"மறுபடியும் எம் பேரு போர்டுல ரெண்டு வாட்டி இருக்கே, தங்கச்சி. தூரத்துலேருந்து பாக்கிறவன் பேரத்தான் பாப்பான். 'அல்ல'வ எவன் படிக்கிறான்?"

இம்மானுவேல் சாருக்கு அடிக்கோல் தேவைப்பட்ட காரணத்தை இவர் ஒரு பலகையில் கற்றிருந்தார். தாளைப் பிய்த்தேன். வேறொன்று எழுதினேன்: 'மூன்றாம் தொட்டிப் பதிவில் வந்த பூஜ்யங்கள் என் தவறு.' என் பெயர் மட்டும். அவர் இரண்டு தரம் படித்தார். "இப்ப சரி" என்றார். தெர்மாமீட்டரை எடுக்க உள்ளே போனார்.

நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சரோஜா வந்தார். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். வீட்டுச் சேலையிலேயே ஓடி வந்திருந்தார். பலகைக்கு முன்னால் நின்று வாய்விட்டுப் படித்தார். என் பக்கம் திரும்பினார்.

"நீதானா அது?"

"நாந்தான்."

"ஏம்மா, படிச்சவதானே நீ? பாத்து எழுத மாட்டியா? பதினோரு நாளு அந்த மனுஷன் சோறு தின்னல. புள்ள போன் பண்ணா என்ன சொல்றதுன்னு நா போன எடுக்கல. சாமானக் கட்டி வச்சுட்டேன் தெரியுமா? பால்காரங்கிட்டகூட மொகத்தக் காட்டல. உனக்கு அவசரம்னா எங்க வீடா கெடச்சுச்சு?"

ஆட்கள் கூடிவிட்டார்கள். பெருமாள் உள்ளேயிருந்து, "விடு சரோ" என்றார். அவர் விடவில்லை. பஸ் வந்து, நின்று, போனது. அடுத்த பஸ் வரும்வரை என்னைத் திட்டினார், நானும் அங்கேயே நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.